பழுதுற்ற பெட்டியும் பழுதுறாப் பொருளும்

பூட்டுக் கெட்டதனால் பெட்டியிலுள்ள பொருளும் போயிற்றென்று அழுவாருண்டோ? மடிக்கணினி உயிரற்றபோது நம் மாணவர் அங்ஙனமே அழக் காண்கின்றோம். பாலசமுத்திரத்தினின்று வரும் மாணவரொருவர், ஓராண்டு உழைத்துச் சேர்த்த ஆய்வுக் குறிப்புகளைக் கைவிட இருந்தார். அதன் வன்தட்டைக் கழற்றி மேசைக்கணினியில் இணைத்தோம்; 2.5 அங்குலத் தட்டிற்கும் 3.5 அங்குலத் தட்டிற்கும் சாட்டா இணைப்பு ஒன்றே. அதில் யாதொன்றும் எழுதாது, முழுவதையும் வேறொரு தட்டிற் படியெடுத்தோம். குறிப்புகள் மீண்டன.

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், கல்பனா சாவ்லா முதலிய எழுவர் மாண்ட கொலம்பியா விண்கலத்தின் வன்தட்டொன்று, கருகிய நிலையில் டெக்ஸாஸில் அகப்பட்டது. அதனின்று ஏறக்குறைய 99 விழுக்காடு மீட்கப்பெற்று, அவ்வாராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. விண்ணினின்று வீழ்ந்ததே பிழைத்ததெனின், மேசைமேற் கெட்டதைக் கைவிடல் தகுமோ?

எனினும், தட்டு 'டக், டக்' என ஒலிக்குமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்துக. மேலும் முயலின் உள்ளதும் அழியும். தாய்ப்பலகையோடு பற்றவைத்த நினைவகமும், திறவுகோல் தொலைந்த மறையாக்கமும் இம்முறைக்கு இணங்கா. ஆதலின் மீட்பினும் காப்பே மேன்மையுடைத்து. படி இரண்டு எடுத்து, ஒன்றை வேறிடத்தில் வைத்தல் நன்று. பழைய மேசைக்கணினியொன்றை இப்பணிக்கென ஒதுக்கி, மூத்தோர் இளையோர்க்கு இதனைக் கற்பிப்பாராயின், நம் மாணவரின் உழைப்பு வீண்போகாதென்பது நமது துணிபு.