செடியை மட்டும் எடுத்த படம்

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குச் சுற்றுலா போய்வந்த அன்றிரவு, உம்மம்மா என்னுடைய போனைக் காட்டச் சொன்னார். 200க்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. "அங்க இரட்டைத் தேங்காய் மரம் ஒண்டு இரிக்கிதாமே, அதக் காட்டு மகள்" என்றார். தேடினேன். அந்த மரத்தின் முன்னால் நாங்கள் பதினொரு பேர் வரிசையாக நிற்கும் படம் இருந்தது. காய் தொங்கிய இடத்தில் என் தோழியின் தலை. அரச பனைகளின் சாலையைக் கேட்டார். அதிலும் நாங்கள். ஓர்கிட் வீட்டிலும் நாங்கள். "இந்த முகங்கள நான் நம்மட ஊட்டயே பாக்கிறன்தானே" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

1821இல் தொடங்கப்பட்ட, 147 ஏக்கர் பரப்புள்ள ஒரு தோட்டத்திலிருந்து நான் கொண்டுவந்தது எங்கள் முகங்களை மட்டும்தான். அந்த வெட்கத்தில் தொடங்கியதுதான் இந்தப் பழக்கம். ஒரு வருடமாக ஊரிலுள்ள செடிகளையும் நீர்நிலைகளையும் படம் எடுத்து வருகிறேன். நம் கல்லூரி மாணவிகள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பதும், பெற்றோர் இதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

"நம்மட ஊர்ல எங்க பூங்கா இரிக்கி?" என்று முதலில் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். பெரியநீலாவணையில் கிழக்கே நடந்தால் கடல். மேற்கே துறைநீலாவணைக்குப் போகும் வீதியில் ஏறினால் இருபுறமும் தண்ணீர். அதற்கு இரு பக்கமும் வயலும் சதுப்பும். நுழைவுச்சீட்டு இல்லாத பூங்கா இது. பூட்டும் நேரமும் கிடையாது.

பூவரசிலிருந்து தொடங்கலாம். எல்லோர் வேலியிலும் நிற்கிற மரம் என்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. காலையில் அதன் பூ இளமஞ்சள். மாலையில் அதே பூ வாடிச் சிவக்கத் தொடங்கிவிடும். ஒரே பூவைப் பாடசாலைக்குப் போகும்போது ஒரு தடவையும், அஸர் தொழுதபின் ஒரு தடவையும் எடுத்தேன். இரண்டு படங்களையும் காட்டியபோது, பதினாறு வருடமாக அந்த வேலியைத் திறந்து மூடுகிற உம்மாவே இரண்டும் வேறு மரத்துப் பூக்கள் என்றார்.

கடற்கரையில் அடம்பன் கொடி படர்ந்திருக்கிறது. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று கட்டுரைகளில் எழுதிப் புள்ளி வாங்குகிறோம். அந்தக் கொடியின் இலை ஆட்டுக்குளம்பு போல இரண்டாகப் பிளந்திருப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அதன் ஊதாப் பூவை எடுக்க விடியற்காலை போக வேண்டும். வெயில் ஏறினால் சுருண்டுவிடும். பக்கத்திலேயே இராவணன் மீசை. அதன் முள்ளுருண்டைகள் காய்ந்து முறிந்து, கச்சான் காற்றில் மணலில் உருண்டோடும்போது எடுத்த பதினைந்து படங்களில் பதினான்கு மங்கல். ஒன்று மட்டும் சரியாக வந்தது. நான் எடுத்தவற்றுள் எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான்.

பூ பூக்கும் மாதத்தில் மட்டும் கமராவை எடுப்பது போதாது. வயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபரில் அது வெறும் சேறு, டிசம்பரில் பச்சை. பெப்ரவரி கடந்தால் பொன்னிறம், அதற்குப் பின் வைக்கோலும் கொக்குகளும். இதில் எது வயல்? நம் ஊரின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்ட கவிஞர் நீலாவணன் 'வேளாண்மை' என்று ஒரு காவியமே எழுதினார். ஒரு நாள் வரம்பில் நின்று பார்த்துவிட்டு எழுதக்கூடிய விடயமா அது?

இந்த யோசனை புதிதுமல்ல. திமிஷ்கில் வாழ்ந்த ரஷீதுத்தீன் இப்னு அஸ்ஸூரி என்ற மருத்துவர், 13ஆம் நூற்றாண்டிலேயே லுப்னான் மலைப்பகுதிகளுக்கு மூலிகை தேடிப் போகும்போது ஓர் ஓவியரையும் கூட்டிப் போனாராம். அந்த ஓவியருடைய கையில் பலவகை வண்ணங்கள் இருக்கும். செடியை முளைவிட்ட பசுமையில் ஒருமுறை, முதிர்ந்து விதை பிடித்தபோது ஒருமுறை, காய்ந்தபின் ஒருமுறை என்று வரையச் சொல்வாராம். அவரை அறிந்திருந்த வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ இதை எழுதிவைத்திருக்கிறார். காய்ந்த நிலையில் மட்டும் ஒரு செடியைக் காண்பவருக்கும் அதை அடையாளம் தெரிய வேண்டும் என்பது அதன் பயன். அவருக்கு ஓர் ஓவியரின் சம்பளமும் மலையேற்றமும் செலவானது. நமக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை. படம் எடுத்த திகதியைப் போன் தானாகவே குறித்துக்கொள்கிறது.

அடையாளம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமது தேசிய மலரே சாட்சி. 1986இல் நீலோற்பலம் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெயரில் வெகுகாலமாக அச்சிடப்பட்டு வந்த கடும் ஊதா நிறப் பூ உண்மையில் நீலோற்பலமே அல்ல, அது ஒரு கலப்பினம் என்று நமது நாட்டுத் தாவரவியலாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். உண்மையான நீலோற்பலம் வெளிர் நீலம், அவ்வளவு கண்ணைப் பறிக்காது. அழகான படம் உண்மையான பூவை ஓரங்கட்டிவிட்டது. துறைநீலாவணை வீதியோரத்தில் நான் எடுத்தது எது என்று இன்னும் படங்களை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை பின்னேரம் போய், இதழ் மூடிய மொட்டுகளைப் பார்த்துப் பூவைக் குறை சொல்லிவிட்டு வந்தவள் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊரில் இது வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம்முடையது. அதற்குப் பின் பிறந்தவள் நான். எங்கள் பழைய வீடு கடற்கரையில் இருந்ததாம். வீட்டின் பின்னால் தாழை மறைப்பு இருந்தது என்கிறார் உம்மம்மா. இல்லை, தென்னையும் வெறும் மணலும்தான் என்கிறார் வாப்பா. ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வரும்போது இந்த வாக்குவாதமும் வரும். தீர்த்துவைக்க ஒரு படம் இல்லை. உறவினர் வீட்டில் தப்பிய படங்கள் நான்கு இருக்கின்றன. நான்கும் கல்யாணப் படங்கள். பின்னால் தெரிவது ஸ்டூடியோத் திரையில் வரைந்த மலையும் அருவியும். கடலோரத்தில் வாழ்ந்த குடும்பத்துக்குக் கடற்கரையின் படம் ஒன்றுகூட இல்லை. இன்று கண்முன்னே மண் கொட்டி மேடாக்கப்படும் சதுப்பு நிலத்துக்கும் நாளை இதுதான் நடக்கும். அங்கே ஆம்பல் பூத்தது என்று நான் சொல்வேன். இல்லை என்று என் தம்பி சொல்வான்.

பெற்றோரின் தயக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. போனும் கையுமாகப் பெண்பிள்ளை வீதியில் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எங்கள் வாப்பா மூன்று நிபந்தனை போட்டார்: தனியே போகக் கூடாது, யாருடைய முகமும் படத்தில் விழக் கூடாது, எடுத்த இடத்தை உடனுக்குடன் வட்ஸ்அப்பில் போடக் கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் எனக்குப் பெரிய உதவியானது, என் முகமும் அதில் அடங்கிவிட்டபடியால். உருவப்படம் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. மரம் செடி கொடிகளைப் பற்றிப் பெரிய சர்ச்சை எதுவும் இல்லை. உண்மையில் நம் பிள்ளைகளின் கையில் போன் ஏற்கனவே இருக்கிறது. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற போனைவிட, வாப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இருந்து கண்டல் மரத்தை எடுக்கிற போன் ஆபத்தானதா?

போன் இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூலாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது, 1843இல் அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வெளியிடத் தொடங்கியது. அதன் பொருள் கடற்பாசி. அவர் கமராவே பயன்படுத்தவில்லை. மருந்து பூசிய தாளில் பாசியை வைத்து வெயிலில் காட்டினார். நீலத் தாளில் வெள்ளை உருவம் பதிந்தது. நமக்கு வெயிலுக்கும் பஞ்சமில்லை, கரையொதுங்கும் பாசிக்கும் பஞ்சமில்லை.

நம் கல்லூரியில் ஒரு சுவர்ப் பலகை ஒதுக்கித் தந்தால், ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, மாதம் ஒரு படமாகப் பன்னிரண்டு படங்களை அதில் ஒட்டலாம். மருதமுனையில் ஒருத்தி, சாய்ந்தமருதில் ஒருத்தி, நற்பிட்டிமுனையில் ஒருத்தி என்று சேர்ந்தால் இந்தக் கரை முழுவதும் அந்தப் பலகையில் வந்துவிடும். என்னுடைய வரிசையில் இப்போது பதினொரு படங்கள் இருக்கின்றன. டிசம்பர் மட்டும் பாக்கி. அடைமழையில் துறைநீலாவணை வீதிப்பக்கம் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், மழை விட்டிருந்தால் கூட்டிப் போவதாக வாப்பா சொல்லியிருக்கிறார். உம்மம்மாவும் வருகிறாராம்.