போலந்து பேசாத வீடு

கேரளத்தில் நாலு பேர் கூடி அரசியல் பேசுவார்கள். பேச்சு முற்றும், குரல் உயரும். சட்டையைப் பிடிக்கப் போகிற நேரத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் 'போலந்து' என்று ஒரு சொல்லைப் போடுவார். அவ்வளவுதான், எல்லோரும் சிரித்துவிடுவார்கள். டீ ஆறிப் போயிருக்கும், இன்னொன்று சொல்வார்கள்.

வெளியூர்க்காரருக்கு இது புரியாது. புரிய வேண்டுமானால் 1991ல் வந்த 'சந்தேசம்' பார்த்திருக்க வேண்டும். சத்யன் அந்திக்காடு இயக்கியது, எழுதியது ஸ்ரீனிவாசன். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி. அண்ணன் பிரபாகரன் (ஸ்ரீனிவாசனே நடித்தது) ஆர்.டி.பி. என்ற புரட்சிக் கட்சி. தம்பி பிரகாசன் (ஜெயராம்) ஐ.என்.எஸ்.பி. இரண்டும் கற்பனைப் பெயர்கள்தான், ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்று படம் பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் வேலை கிடையாது, சாப்பாடு அப்பா கணக்கில். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. சாப்பாட்டு வேளையிலும் சண்டை ஓயாத அந்த வீட்டில் தம்பி போலந்தை இழுக்கிறான். அண்ணனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே! போலந்தைப் பற்றி மட்டும் ஒரு எழுத்து பேசக்கூடாது என்று கத்துகிறான். வார்சாவை வரைபடத்தில் காட்டச் சொன்னால் காட்டுவானா என்பது சந்தேகம். அதனால்தான் முப்பது வருஷம் கழித்தும் அந்தச் சொல்லுக்குச் சிரிப்பு வருகிறது.

அப்பா ராகவன் நாயர். திலகன். தமிழ்நாட்டில் ரயில்வேயில் காலம் முழுக்க உழைத்துவிட்டு, ஓய்வு பெற்று, இனியாவது வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று ஊர் திரும்புகிறார். அவர் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. தென்னைக்கு உரம் போட வேண்டும், பிள்ளைகள் ஒரு வேலையில் அமர வேண்டும், மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் காற்று வர வேண்டும். சந்தோஷம் என்பதற்கு அவரிடம் இருக்கும் விளக்கம் இவ்வளவுதான். பொறுமை எல்லை தாண்டும்போது மகன்கள் இருவரையும் வீட்டை விட்டு வெளியேற்றுகிறார். அவர்களும் திருந்துகிறார்கள். கடைசியில் பள்ளிக்கூடம் போகும் தம்பி அரசியல் என்று கிளம்பினால் இதே அண்ணன்மார் சேர்ந்து அவனை அடக்குகிறார்கள். முதலில் படி என்கிறார்கள். படம் சொல்ல வந்த செய்தி இதுதான். பெயரே அப்படித்தான், மலையாளத்தில் சந்தேசம் என்றால் செய்தி.

படம் அருமையானது. மறுப்பவர்கள் குறைவு. தேர்தலில் தோற்றது ஏன் என்று யாருக்கும் விளங்காத பெரிய பெரிய சொற்களால் சங்கராடி விளக்கும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அதில் தங்கள் ஊர்க் கமிட்டிச் செயலாளரைக் கண்டு சிரித்தவர்களில் பாதிப்பேர் கட்சிக்காரர்களாகவே இருந்திருப்பார்கள்.

ஆனால் அந்தச் செய்தி சரிதானா? கேரளத்தில் இதைப் பற்றி ஒரு சண்டை பல வருஷமாக நடக்கிறது. அரசியலே வேண்டாம், வேலையைப் பார், குடும்பத்தைப் பார் என்று சொல்வது ஆபத்தான உபதேசம் என்கிறது ஒரு கட்சி. இளைய தலைமுறைத் திரைக்கதையாசிரியர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. இன்னொரு தரப்போ, படம் கிண்டல் செய்தது அரசியலையல்ல, அரசியலைச் சாக்காக வைத்துச் சும்மா திரிபவர்களை என்கிறது. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே ராகவன் நாயரின் திண்ணையை மறந்துவிடுகிறார்கள். அவருடைய நிம்மதி எங்கிருந்து வருகிறது?

அந்தப் படத்தில் நல்லவனாக, உருப்படியானவனாகக் காட்டப்படும் இளைஞன் யார் என்று யோசித்துப் பாருங்கள். சித்திக் நடித்த விவசாய அதிகாரி. தென்னையின் நோய்க்கு மருந்து சொல்கிறவன், வீட்டுக்கு மருமகனாக வரத் தகுதியுள்ளவன். அப்படி ஓர் அதிகாரி கிராமத்துக்குள் வந்து தோப்பில் நின்று பேசுவது எப்படி நடந்தது? ஒவ்வொரு பஞ்சாயத்திலும் 'கிருஷி பவன்' என்று ஒரு விவசாய அலுவலகம் திறக்கும் திட்டம் 1987ல் ஈ.கே. நாயனார் ஆட்சியில் தொடங்கியது. அதாவது ராகவன் நாயரின் தென்னை பிழைத்ததற்கும் யாரோ கொடி பிடித்ததற்கும் தொடர்பு இருக்கிறது. அவர் ஓய்வூதியத்துக்குப் பின்னால் எத்தனை தொழிற்சங்க ஊர்வலங்கள் போயிருக்கும்! அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. மகன்கள் ஒரு தேங்காய்கூடப் பொறுக்கிப் போடாத எரிச்சலில் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அரசியல் வேண்டாம் என்பது தோப்பு இருக்கிறவர் சொல்லக்கூடிய சொல். தோப்பு இல்லாதவர் கதை வேறு. இதை சந்தேசத்துக்கு ஏழு வருஷம் முன்பே, 1984ல், கே.ஜி. ஜார்ஜ் 'பஞ்சவடிப்பாலம்' படத்தில் காட்டிவிட்டார். நன்றாக இருக்கிற பாலத்தை ஆபத்தானது என்று சொல்லி இடித்து, பணம் பண்ணுவதற்காகப் புதுப்பாலம் கட்டுகிற பஞ்சாயத்து. தலைவர் பெயர் துச்சாசனக் குறுப்பு (பரத் கோபி). முழுக்க முழுக்கக் கேலிதான், ஆனால் சிரித்துக்கொண்டே இருக்கும்போது முடிவு வந்து நெஞ்சை அடைக்கிறது. புதுப்பாலம் திறப்பு நாளிலேயே இடிந்து விழுகிறது. அதில் பலியாவது மேடையில் இருந்த தலைவர்கள் இல்லை. ஊரில் தவழ்ந்து திரிகிற காதவராயன். அந்த வேஷத்தில் நடித்தவர் யார் தெரியுமா? பிற்பாடு சந்தேசத்தை எழுதிய அதே ஸ்ரீனிவாசன்.

கொச்சியில் 2016ல் திறந்த பாலாரிவட்டம் மேம்பாலத்தை 2019ல் மூட வேண்டி வந்தபோது, மலையாளிகள் வாயில் முதலில் வந்த பெயர் பஞ்சவடிப்பாலம். 2021ல் சீராக்கித் திறந்தார்கள். படம் வந்து முப்பத்தைந்து வருஷம் கழித்தும் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை பாருங்கள்.

ஆக, கேலியை மலையாள சினிமா கைவிடவில்லை. அதை விடப் பெரிய விஷயம், கேலி செய்யப்பட்டவர்களும் அந்தக் கேலியைக் கேட்கிறார்கள், சில சமயம் பல்லைக் கடித்துக்கொண்டு. 2022ல் 'ந்நா தான் கேஸ் கொடு' வெளியான அன்று நடந்ததை எல்லோரும் அறிவார்கள். திருட வந்தவன் என்று சொல்லப்படும் ஒருவன் எம்.எல்.ஏ. வீட்டு நாயிடம் கடி வாங்குகிறான். ரோட்டில் இருந்த பள்ளத்தைத் தவிர்க்க வளைந்த ஆட்டோவுக்குப் பயந்துதான் சுவர் ஏறிக் குதித்தேன், ஆகவே குற்றவாளி பள்ளம்தான், பள்ளத்துக்குப் பொறுப்பு மந்திரி என்று வழக்குப் போடுகிறான். தியேட்டருக்கு வரும் வழியில் பள்ளங்கள் இருக்கும், இருந்தாலும் வாருங்கள் என்கிற பொருளில் விளம்பரம் கொடுத்தார்கள். ஆளும் தரப்பு ஆதரவாளர்கள் சிலருக்கு இணையத்தில் மூக்கு வியர்த்தது, படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். படம் நன்றாக ஓடியது.

வேடிக்கை அதில் இல்லை. அந்தப் படத்தில் நீதிபதியாக வந்து, சலித்துக்கொண்டும் ரசித்துக்கொண்டும் வழக்குக் கேட்டு எல்லோர் மனதையும் அள்ளியவர் பி.பி. குஞ்ஞிகிருஷ்ணன். இந்தி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். படம் வந்த சமயத்தில் காசர்கோடு மாவட்டத்தில் பஞ்சாயத்து உறுப்பினர், அதுவும் ஆளும் கட்சியான சி.பி.எம். சார்பில்! அந்த ஆண்டுக்கான மாநில விருதில் சிறந்த குணச்சித்திர நடிகர் விருதும் அவருக்குத்தான். தன் வார்டில் பள்ளம் விழுந்தால் பதில் சொல்ல வேண்டிய மனிதர், திரையில் பள்ளத்தைப் பற்றிய வழக்கை விசாரிக்கிறார். இதைவிட அழகான கூத்து எங்கே கிடைக்கும்?

இன்னசென்ட் கதை இதற்கும் மேலே. சந்தேசத்தில் டெல்லியிலிருந்து வரும் கட்சித் தலைவர் யஷ்வந்த் சஹாயாக வருவாரே, அவரேதான். இந்தியில் அவர் இளநீர் கேட்க, உள்ளூர்த் தொண்டர்கள் படும் பாட்டை நினைத்தாலே சிரிப்பு வரும். இன்னசென்ட் நடிகராகப் பேர் வாங்குவதற்கு முன்பே, 1979ல், இரிஞ்ஞாலக்குடா நகராட்சிக்குக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தெருவிளக்கு எரியவில்லை என்று ஜனங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். 2012ல் அவருக்குப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரி அனுபவத்தைப் புத்தகமாக்கினார், பெயர் 'கேன்சர் வார்டிலே சிரி'. அதற்குப் பிறகு 2014ல் சாலக்குடி தொகுதியில் இடதுசாரி ஆதரவுடன் சுயேச்சையாக நின்று ஜெயித்து உண்மையிலேயே டெல்லி போனார். 2019ல் தோற்றார். 2023 மார்ச்சில் இறந்தார்.

அரசியல்வாதியைக் கிண்டல் செய்து சம்பாதித்த ஒருவர், சாவின் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, இனி ராகவன் நாயரைப் போலத் திண்ணையில் உட்கார்ந்து சுகமாக இருக்கலாம் என்று நினைக்கவில்லை. ஓட்டுக் கேட்கப் போனார். வயசான காலத்தில் இது எதற்கு என்று கேட்டவர்கள் நிறைய. நல்ல எம்.பி.யாக இருந்தாரா இல்லையா என்று அந்தத் தொகுதிக்காரர்கள் சொல்லட்டும், அது வேறு விவகாரம். ஆனால் சிரிப்பும் தேர்தலும் ஒரே ஆளிடம் ஒத்துப்போகும் என்பதற்கு அவரைவிட வேறு ஆள் வேண்டாம்.

இதில் சினிமா மட்டும் சாதித்தது எதுவுமில்லை. பஞ்சாயத்து கையில் ஏதாவது இருந்தால்தானே பஞ்சாயத்தைக் கிண்டல் செய்ய முடியும்? 1996ல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். எந்த ரோடு, எந்தக் கிணறு, எந்த அங்கன்வாடி என்று ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து அடித்துக்கொள்ளலாம் என்று ஆனது. 1995 முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளாட்சித் தேர்தல் நடந்துவிடுகிறது. 2020ல் மட்டும் கொரோனாவால் கொஞ்சம் தள்ளிப் போனது, அதுவும் அந்த வருஷத்துக்குள்ளேயே முடிந்தது. (ராகவன் நாயர் வேலை பார்த்த தமிழ்நாட்டில் 2016ல் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. நகராட்சிகளுக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் தெருவிளக்குக்கு யார் கதவைத் தட்டினார்கள் என்று தெரியவில்லை.)

குறைகள் இல்லாமல் இல்லை. கிராமசபைக்கு வருகிற கூட்டம் வர வரக் குறைகிறது என்ற புலம்பல் உண்டு. வேலை தேடிப் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் ஓட்டுப் போடவே இரண்டு கிழங்கள்தான். கண்ணூர்ப் பக்கம் கொடிக்காக வெட்டிக்கொண்டு செத்தவர்களின் வீடுகளில் போய் அரசியல் சந்தோஷம் தரும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த வீட்டு அம்மாக்கள் பார்த்தால் ராகவன் நாயர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சந்தேசத்தை அரசியல் விரோதப் படம் என்று திட்டுபவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இருந்தாலும் கும்பளங்கியைப் பாருங்கள். 2019ல் 'கும்பளங்கி நைட்ஸ்' வந்தபோது எல்லோரும் அந்த நாலு சகோதரர்களின் இடிந்த வீட்டையும், காயல் தண்ணீரில் ஒளிரும் நீல வெளிச்சத்தையும் ரசித்தார்கள். அந்த வீடு இருப்பது ஊர்க்காரர்கள் கழிவைக் கொட்டுகிற ஒதுக்குப்புறத்தில் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். நிஜக் கும்பளங்கியில் 2022 ஜனவரியில் வேறொன்று நடந்தது. பெண்களுக்கு மாதவிடாய்க் கோப்பை கொடுத்து, பயிற்சியும் கொடுத்து, நாப்கின் இல்லாத முதல் கிராமம் என்று அறிவித்தார்கள். எறிந்த நாப்கின் எங்கே போகிறது என்ற கேள்வியை ஒரு கிராமம் பொதுவில் பேசியது. பத்து வருஷத்துக்கு முன் அதை ஒரு கூட்டத்தில் உரக்கச் சொல்லியிருக்க முடியுமா? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2010 தேர்தலிலிருந்து ஆனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. மாதத்தில் அந்த நாலு நாள் கொஞ்சம் நிம்மதியாக இருப்பதும் அன்றாட சந்தோஷம்தானே. ராகவன் நாயர் பட்டியலில் அது இல்லை, அவர் வீட்டுப் பெண்களிடம் யாரும் கேட்கவுமில்லை.

2025 டிசம்பரில் மறுபடியும் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாநிலத்தில் மொத்தமாக ஐக்கிய ஜனநாயக முன்னணி முந்தியது, திருவனந்தபுரம் மாநகராட்சி முதல் முறையாக பா.ஜ.க. பக்கம் போனது. கொட்டும் பட்டாசும் அடங்க ஒரு வாரம் ஆகியிருக்கும். ஜெயிப்போம் என்று மீசையைப் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் மீசையை எடுத்துவிட்டு டீக்கடைக்கு வந்தார்கள். சுவரில் 'இங்கே அரசியல் பேசக்கூடாது' என்று எழுதி வைத்திருக்கிற கடைகளிலும் அன்று வேறு பேச்சு இருந்திருக்காது. மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டு தோற்றவர் உட்கார்ந்திருக்க, ஜெயித்தவர் தன் செலவில் அவருக்கு ஒரு பழம்பொரி வாங்கித் தருவார். கண்ணாடிப் பெட்டிக்குள் அது சூடாகத்தான் இருக்கும்.