ஸ்டாக் பூஜ்யமாம், வாசலில் நிற்பது யார் லாரி?

லீவில் வலியசாலை போயிருந்தேன். திண்ணையில் சித்தப்பா பையன் (எம்பிஏவாக்கும்) எனக்கே பாடம் எடுத்தான்: "ஜஸ்ட் இன் டைம்னா ஸ்டாக்கே வெச்சுக்காம இருக்கறதுண்ணா." கார் ஃபாக்டரியில் குப்பை கொட்டுகிறவனிடம்! :-)

ஸ்டாக் குறைவது பலன் மட்டும்தான். சூட்சுமம், லைனில் வண்டி விடும் வரிசையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 200 சின்ன கார், 100 செடான், 100 வேன், எல்லாம் ஒரே லைன். சின்ன காரை மொத்தமாக முடித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். அப்போது வேனுக்கு சீட் தைக்கிறவன் காலையில் ஈ ஓட்டுவான், சாயங்காலம் செத்தான். ஆகவே சின்னது, செடான், சின்னது, வேன், திரும்ப அதே. டொயோட்டாவில் இதற்கு ஹெய்ஜுன்கா என்று பெயர். ஒவ்வொரு பாகமும் நாள் பூரா ஒரே சீராகச் செலவாகும்படி அடுத்த வண்டியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கை யசுஹிரோ மொண்டென் 1983 புத்தகத்திலேயே விளக்கிவிட்டார். போதாததற்கு, சன்ரூஃப் வண்டி அடுத்தடுத்து வந்தால் மாட்டுகிறவன் வண்டியோடேயே நகர்ந்து பக்கத்து ஆள் மேல் முட்டுவான். அதையும் பார்க்க வேண்டும்.

நகோயா வருமுன் நான் இருந்தது ஒரு பார்ட்ஸ் கம்பெனியில். நாங்கள் சப்ளை செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) காலையில் ஒரு வரிசை, மதியம் வேறு வரிசை. எதைக் கேட்பார்களோ என்று எங்கள் காசில் மூன்று நாள் சரக்கு கேட் வாசலில் லாரியில் காயும். அவர்கள் கணக்கில் ஸ்டாக் பூஜ்யம்! லேட்டானால் அபராதம் எங்களுக்கு. சாலைக் கடைத்தெருவில் எந்த ஓட்டல்காரராவது அரிசி மூட்டையை மளிகைக்காரர் தலையில் இப்படிச் சுமத்துவாரா?

இரண்டு நாள் முன்னால் வரிசையை உறுதியாகச் சொல்லியிருந்தால் அந்த லாரியே வேண்டாம். கேட்டோம். "மார்க்கெட் அப்படி சார்" என்றார்கள்.