“இங்கே” என்றால் எங்கே?

ஒரு சின்ன விஷயம். ஆனால் மனதை விட்டுப் போகவில்லை.

போன மாதம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. டிகிரி முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை தேடுகிறார். தன் மடிக்கணினியில் ஒரு நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்தார். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளை வைத்திருக்கிறார். நாம் பக்கத்தைக் கண்ணால் மேய்வதுபோல, அவர் லிங்க்குகளை மட்டும் பட்டியலாகக் கேட்பார்.

அது வாசித்தது: “இங்கே கிளிக் செய்யவும். இங்கே கிளிக் செய்யவும். மேலும் படிக்க. இங்கே கிளிக் செய்யவும்...” மொத்தம் பதினொன்று.

“இதுல எது சார் எனக்கு? போன தடவை கடைசி நாள்ல தப்பான படிவத்தை இறக்கி, நிரப்பி அனுப்பிட்டேன்” என்றார்.

நான் பார்த்தேன். இடப்பக்கம் வேலையின் பெயர், வலப்பக்கம் “இங்கே”. எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர் காதுக்கு வந்ததோ வெறும் “இங்கே” மட்டும்தான்.

பொன்னேரி பேருந்து நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பழவேற்காடு, செங்குன்றம், கும்மிடிப்பூண்டி என்ற பலகைகளைக் கழற்றிவிட்டு, எல்லா வண்டியிலும் “இதில் ஏறவும்” என்று மாட்டினால் சும்மா இருப்போமா?

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2008-இல் வந்த உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறை, ஒரு லிங்க் எதற்கு என்பது அதன் சொற்களிலோ, அதை ஒட்டிய வரியிலோ தெரிய வேண்டும் என்கிறது. அதில் இது அடிப்படை நிலை விதி. நம் நாட்டு அரசு இணையதளங்களுக்கு 2009-லேயே வழிகாட்டி நெறிமுறைகள் வந்துவிட்டன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதைப் பேசுகிறது. டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

“பார்வையில்லாதவர்கள் எத்தனை பேர் சார் வரப்போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து ரயிலில் நின்றுகொண்டு சின்ன போனில் தேடும் தொழிலாளிக்கும், கண்புரை வந்த என்னைப் போன்றவருக்கும் இதே சிரமம்தான். சரியாக எழுதக் காசும் செலவில்லை.

“விண்ணப்பிக்க இங்கே கிளிக் செய்யவும்” வேண்டாம். “ஃபிட்டர் பயிற்சி விண்ணப்பப் படிவம், பி.டி.எஃப்.” என்று எழுதி, அந்தச் சொற்களையே லிங்க் ஆக்குங்கள். “மேலும் படிக்க” வேண்டாம். “ஆள்சேர்ப்பு முகாம்: தேதியும் இடமும்” என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வெறும் லிங்க்கை வீசாமல், மேலே ஒரு வரியில் அது என்ன என்று சொல்லுங்கள். அனுப்பும் முன் லிங்க்கின் சொற்களை மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள். அதுவே போதுமான பரீட்சை.

விடைத்தாளில் யாராவது “அது அதற்கு உதவியது” என்று எழுதினால், சிவப்பு மையில் “எது? எதற்கு?” என்று எழுதுவேன். அந்தப் பேனாவை இன்னும் மூடி வைக்க முடியவில்லை.

பள்ளி, கம்பெனி, சங்கம் என்று இணையப் பக்கம் நடத்தும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். என் மாணவர் அடுத்த விண்ணப்பத்தையாவது யார் துணையும் இல்லாமல், சரியாகப் போட வேண்டும்.