மலைக்குப் போதல்

அண்மையில் நோர்வூட்டை அடுத்த தோட்டமொன்றின் பாடசாலைக்குச் செல்ல நேர்ந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நோக்கி, "உங்களில் யார் யார் வீட்டில் மலைக்குப் போய் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். சன்னலுக்கு வெளியே மேகம் விலகித் தெரிந்த சிவனொளிபாதத்தை மனத்திற் கொண்டே அவ்வாறு கேட்டேன். முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "எங்க அம்மா நெதம் மலைக்குப் போறாங்க சேர்" என்றாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிழை அவளுடையதன்று, நெடுநாள் நகரத்தில் வாழ்ந்து தோட்டத்துத் தமிழை மறந்த என்னுடையதே.

எங்களவர் வழக்கில் மலை என்பது தேயிலை நிரை பிடிக்கும் வேலைத்தளம். மலைக்குப் போதலாவது, பிரட்டுக்கு நின்று, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போதல். உலகத்தார் கப்பலேறி வந்து கண்குளிரக் காணும் மலை, அதன் மடியிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவோருக்கு வேலைக்கு மறுபெயராக நின்றுவிட்டது. அச்சொல்லுக்கு மற்றப் பொருளையும் மீட்டுத் தரவேண்டும் என்பதே இங்கு நான் கூற விழைவது.

இந்நிலை தானாக வந்ததன்று. உறுதிப்பத்திரம் இல்லாத காடுகளெல்லாம் முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் கருதியது. அவற்றைக் கோப்பித் துரைமார் வாங்கினர். தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட நம் முன்னோர் வெட்டித் தீர்த்தனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலையைப் பயிராக்கினார். பின்னர் நோயினால் கோப்பி மடிய, மலைகளெல்லாம் தேயிலையாயின. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும் நடப்பதற்கன்றி வேறு பாதை தொழிலாளிக்கு வகுக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமோ, நாடே அவனுடையதன்று என்றது. அந்தக் கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டு வரை சட்டங்கள் வேண்டியிருந்தன. நாடே தனதில்லை என்றிருந்தவன் காட்டையும் அருவியையும் தனதென்று எண்ணுவது எங்ஙனம்?

நிற்க. "வயிற்றுக்கும் வீட்டுக்குமே போராட்டமாயிருக்க, இயற்கையழகு இவர்களுக்கு எதற்கு?" என்று வினவுவாரும் உளர். நாட்கூலி ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கே 2021ஆம் ஆண்டு வரை காத்திருந்த மக்களை நோக்கி எழும் இக்கேள்வி நியாயமானது போலத் தோன்றும். அவர்களுக்கு நான் கூறும் விடை, அந்தத் துரைமாரின் சொந்த நாட்டிலிருந்தே வருவது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள், மான்செஸ்டர் நகரத்து ஆலைத் தொழிலாளரும் வேலையற்ற இளைஞரும் கின்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினர். பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காக அடைத்து வைத்திருந்த நிலம் அது. ஐவர் சிறை சென்றனர். எனினும் 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடப்பதற்கும் அங்கே சட்டம் பிறந்தது. அவர்களும் வயிறு நிறைந்த பின்னர் மலையேறியவர்கள் அல்லர். ஓய்வும் திறந்த வெளியும் உழைப்பவனுக்கு உரியன என்பதை அறிந்திருந்தார்கள், அவ்வளவே.

நம் மலைநாட்டிலோ வேலி கம்பியாலானதன்று. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. சிவனொளிபாதக் காட்டோடு சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. உள்நாட்டவருக்கு அங்கே நுழைவுக் கட்டணம் சிறிதுதான். ஆனால் நோர்வூட்டிலிருந்து ஒரு குடும்பம் சென்று வர வாகனக் கூலி உண்டு. அன்றைய பேர் இழக்கும் நட்டமும் உண்டு. மரை மேயும் அப்புல்வெளியை எங்கள் பிள்ளைகள் நாட்காட்டிப் படத்திலேயே காண்கின்றனர்.

காட்டை அறியாதவன் காட்டைக் காப்பதும் அரிது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்குக் கம்பியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை ஒன்று சில நாட்களில் மாண்டது. நாடெங்கும் அதற்காக இரங்கினர், நானும் இரங்கினேன். ஆயினும் காடு என்றால் பயிரை அழிக்கும் பன்றியும் இருட்டில் வரும் புலியும் என்று மட்டுமே அறிந்த ஊர்களில், கம்பி கட்டாதே என்று அறிவிப்பு ஒட்டினாற் போதுமா? உறவு இருந்தாலன்றோ பரிவு பிறக்கும்!

செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறையேனும் அரசின் செலவில் இக்காடுகளைக் கண்டு வரச் செய்யலாம். அன்று உடன் செல்லும் தாய்க்கோ தந்தைக்கோ பேர் போடலாம். 1965இல் எழுந்த காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையிலும், 1969இல் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்து நிறைந்த மவுசாகலையின் கரையிலும் மக்கள் நடந்து உலாவப் பாதை அமைக்கலாம். எழுபதுகளில் அரசுடைமையான தோட்டங்களைக் கம்பனிகள் 1992 முதல் நடத்துவது குத்தகையின் பேரிலேயே. ஆகவே நடைபாதை கேட்பது பிறர் சொத்தைக் கேட்பதாகாது. மரத்தையும் பறவையையும் தமிழில் பெயர் சொல்லிக் காட்டும் வழிகாட்டிகளாக எங்கள் இளைஞரைப் பயிற்றினால், அவர்களுக்கு அது பிழைப்புமாகும்.

சிவனொளிபாதம் இதற்கு வழிகாட்டி நிற்கிறது. மார்கழி தொடங்கி வைகாசி வரை நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் யாத்திரிகர் நோர்வூட் வழியே அங்கே செல்கின்றனர். அந்தப் படிகளில் துரையுமில்லை, கூலியுமில்லை. சிங்களவரும் தமிழரும் ஒருவர் மூச்சு ஒருவர்மேற் பட ஏறுகின்றனர்.

என் தாய் நாற்பது ஆண்டு கொழுந்தெடுத்தவள். வாழ்நாளில் ஒரே முறை, ஒரு நாட் பேரை இழந்து, நல்லதண்ணி வழியாக அம்மலையேறினாள். விடியும் வேளை மவுசாகலை நீர் கீழே வெளுத்துக் கிடந்தது. எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்த்து நிற்க, அவள் மட்டும் திரும்பி நின்று, "தம்பி, நம்ம லயம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். காட்டினேன். தான் தினந்தோறும் குனிந்து நின்ற மலையை அன்றுதான் அவள் நிமிர்ந்து நின்று பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

அப்பாடசாலைச் சிறுமியின் தாய்க்கும் அப்படியொரு நாள் வாய்க்க வேண்டும். அதற்காக அவள் ஒரு நாட்கூலியை இழக்க வேண்டியதில்லை.