சூப்பர் பவுலை ஜெயிக்க வைப்பது யார்? கேமரா காட்டாத ஐந்து பேரைப் பற்றி ஒரு த்ரெட்

1/
சூப்பர் பவுல் நம்ம நேரத்துக்குத் திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்கு ஆரம்பிக்கும். மேட்ச் முடிஞ்சு காபி ஆறுறதுக்குள்ள தீர்ப்பு வந்துடும். ஜெயிச்சா "மஹோம்ஸ் மாதிரி ஒருத்தன் பொறக்கல". தோத்தா "மஹோம்ஸ் சோலி முடிஞ்சுது".

ரெண்டு தீர்ப்புமே தப்பு. ஏன் தப்புன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா.

அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு. பந்தை வாங்கி, யாருக்கு எறியலாம், யார் கையில் கொடுக்கலாம் என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். போஸ்டர், விளம்பரம், பெரிய சம்பளம் எல்லாம் அவருக்கே.

3/
அவருக்கு முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, இரண்டு ஓரத்திலும் டேக்கிள். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 140 கிலோ. சாதாரணமா இவங்க பாஸ் பிடிக்க விதியே அனுமதிக்காது. எதிரே இவர்களை முட்டித் தள்ளிவிட்டு குவாட்டர்பேக்கைக் கீழே சாய்க்க நான்கைந்து பேர் பாய்வார்கள். அப்படிச் சாய்த்தால் அதற்குப் பெயர் 'சேக்'.

குவாட்டர்பேக் பந்தை எறிய எடுத்துக்கொள்வது இரண்டரை, மூன்று வினாடி. அந்த மூணு வினாடியைச் சம்பாதிச்சுக் கொடுக்கிறது இந்த அஞ்சு பேர்.

4/
என் கட்சி இதுதான்: பெரிய மேட்ச்சுகளை லைன்தான் ஜெயிக்குது, லைன்தான் தோக்குது. குவாட்டர்பேக்குக்குக் கிடைக்கிற புகழிலும் திட்டிலும் பெரும்பங்கு அவருடையதே இல்லை.

"டாக்டர் சும்மா அடிச்சு விடறார்"னு சொல்லுவீங்க. சரி, ஆதாரத்துக்கு வருவோம்.

5/
முதல் ஆதாரம். ஒரே குவாட்டர்பேக், ஒரே பயிற்சியாளர், மூன்று சூப்பர் பவுல்.

பிப்ரவரி 2021. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கும் டாம்பா பே பக்கனீர்ஸுக்கும் இறுதிப் போட்டி. சீஃப்ஸின் இரண்டு ஓரத்து டேக்கிள்களும் அவுட். எரிக் ஃபிஷருக்கு அகிலிஸ் தசைநார் அறுந்திருந்தது. மிட்செல் ஷ்வார்ட்ஸுக்கு முதுகுப் பிரச்சினை. வேறு இடத்தில் ஆடியவர்களை நகர்த்தி ஓட்டையை அடைத்தார்கள்.

6/
என்ன ஆச்சு? மஹோம்ஸ் மேல் 29 முறை நெருக்கடி விழுந்தது. சூப்பர் பவுல் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். பந்தை எறிவதற்கு முன்பு தப்பிக்க அவர் ஓடிய தூரம் மட்டும் கிட்டத்தட்ட 500 யார்டு. ஒரு டச் டவுன்கூட இல்லை. 31-9 என்று தோல்வி.

அன்னைக்கு அவர் கால் பெருவிரல் மூட்டுத் தசைநாரிலும் காயம் இருந்தது. மேட்ச் முடிந்த அதே வாரம் அறுவை சிகிச்சை. "அதனாலதான் தோத்தாங்க"ன்னு சொல்றவங்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. அடுத்து அதுக்குத்தான் வரேன்.

7/
சீஃப்ஸ் நிர்வாகம் ட்விட்டர் தீர்ப்பைக் கேட்கவில்லை. நோய் எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள். பழைய டேக்கிள்கள் இருவரையும் விடுவித்தார்கள். கார்டு ஜோ தூனிக்கு 5 வருடத்துக்கு 8 கோடி டாலர். டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுனுக்காக முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையே விட்டுக்கொடுத்தார்கள். சென்டர் கிரீட் ஹம்ஃப்ரியை இரண்டாம் சுற்றில் எடுத்தார்கள்.

ஆறாம் சுற்றில், 226-வது ஆளாக டிரே ஸ்மித். கல்லூரியில் ஆடும்போது நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர். அந்த பயத்தில் மற்ற அணிகள் அவரைக் கடந்து போனார்கள். 2025-ல் இதே டிரே ஸ்மித் லீகிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் கார்டு ஆனார்.

8/
பிப்ரவரி 2023. எதிரணி பிலடெல்பியா ஈகிள்ஸ். அந்த சீசனில் 70 சேக் எடுத்த அணி. மஹோம்ஸுக்கு இந்த முறை கணுக்காலுக்கு மேலே தசைநார் காயம். முதல் பாதியிலேயே அதே கால் மறுபடி மடங்கி, நொண்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்று ஈகிள்ஸ் எடுத்த சேக் எத்தனை?

பூஜ்யம். சீஃப்ஸ் 38-35 வெற்றி.

2021-லும் காலில் காயம், 2023-லும் காலில் காயம். ஆள் அதேதான். மாறியது முன்னால் நின்ற சுவர்.

9/
பிப்ரவரி 2025. மறுபடியும் அதே இரண்டு அணிகள். இந்த முறை சீஃப்ஸிடம் இடது டேக்கிள் இடத்துக்குச் சரியான ஆள் இல்லை. கார்டாக ஆடிய தூனியை அங்கே நகர்த்தியிருந்தார்கள். கட்டிலில் ஒரு கால் உடைஞ்சதுன்னு இன்னொரு காலைக் கழட்டி முட்டுக் கொடுத்த கதை.

கூடுதல் ஆட்களை அனுப்பித் தாக்குவதற்கு 'பிளிட்ஸ்' என்று பெயர். ஈகிள்ஸ் அதை ஒருமுறைகூடச் செய்யவில்லை. முன்வரிசை ஆட்களை மட்டும் வைத்தே ஆறு சேக். பாதி ஆட்டத்தில் 24-0. முடிவில் 40-22.

மூணு மேட்ச்லயும் ஒரே மஹோம்ஸ். இப்போ சொல்லுங்க, எந்தத் திங்கட்கிழமை அவர் கடவுள், எந்தத் திங்கட்கிழமை காலி?

10/
"ஒரு அணியை மட்டும் வெச்சுப் பேசாதீங்க டாக்டர்."

சரி, தலைகீழா ஒரு உதாரணம். லைன் நிலையாக இருந்து, குவாட்டர்பேக் மட்டும் மாறினால்?

அந்தச் சோதனையும் நடந்திருக்கிறது. வாஷிங்டன் அணி, பயிற்சியாளர் ஜோ கிப்ஸ். லைன் பயிற்சியாளர் ஜோ ப்யூகல் தன் ஆட்களுக்கு வைத்த பெயர் 'ஹாக்ஸ்', அதாவது பன்றிகள். அது வசவு இல்லை, செல்லப் பெயர்.

11/
ஜனவரி 1983 சூப்பர் பவுல் வெற்றி: குவாட்டர்பேக் ஜோ தைஸ்மன்.
ஜனவரி 1988 வெற்றி: டக் வில்லியம்ஸ்.
ஜனவரி 1992 வெற்றி: மார்க் ரிப்பியன்.

மூன்று கோப்பை, மூன்று குவாட்டர்பேக். மூன்றிலும் லைனில் நின்றவர்கள் ஜோ ஜேக்கபியும் ஜெஃப் போஸ்டிக்கும்.

1988 மேட்ச்சில் டிம்மி ஸ்மித் என்ற புதுப் பையன் பந்தோடு 204 யார்டு ஓடினார். இன்றுவரை சூப்பர் பவுல் சாதனை. அந்த சீசன் முழுக்க அவர் ஓடியதே 126 யார்டுதான். ஒரே ராத்திரியில் அவருக்குப் புதுக்கால் முளைச்சிடுச்சா? வழி திறந்து விட்டாங்க, ஓடினார்.

12/
இன்னொரு கணக்கு. 1991 சீசனில் இதே வாஷிங்டன் லைன், 16 ஆட்டத்தில் விட்ட சேக் மொத்தம் 9.

2002-ல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் என்ற புது அணி, டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்த டேவிட் கார் என்ற இளைஞரை ஓட்டை லைனுக்குப் பின்னால் நிறுத்தியது. முதல் சீசனிலேயே 76 சேக். இன்றுவரை உடையாத சாதனை. எந்தத் தாயும் பிள்ளைக்கு விரும்பாத சாதனை.

அவர் கடைசிவரை நட்சத்திரம் ஆகவே இல்லை. 'திறமை இல்லை'ன்னு எழுதினாங்க. வாரம் நாலஞ்சு தடவை மண்ணில் புதைக்கப்பட்டவனுக்குத் திறமை எங்கிருந்து வெளியே வரும்?

13/
லைன் தாக்கவும் செய்யும். 2007 சீசனில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 16-க்கு 16 வெற்றி, 589 புள்ளிகள். டாம் பிரேடி 50 டச் டவுன் எறிந்தார். சராசரியாக மேட்ச்சுக்கு 36 புள்ளிக்கு மேல்.

இறுதிப் போட்டியில் எடுத்தது 14. நியூயார்க் ஜயன்ட்ஸின் முன்வரிசை பிரேடியை ஐந்து முறை சாய்த்தது. 17-14.

இன்றைக்கும் அந்த மேட்ச் என்றால் டேவிட் டைரி ஹெல்மெட்டில் ஒட்டிப் பிடித்த அந்த கேட்ச்தான் பேச்சு. அற்புதமான கேட்ச்தான், மறுக்கல. ஆனா 589 புள்ளி எடுத்த அணியை 14-ல் நிறுத்தாம இருந்திருந்தா, அந்த கேட்ச் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

14/
எதிர்க்கட்சியின் பலமான வாதம் எனக்குத் தெரியும்: சின்சினாட்டி பெங்கால்ஸ்.

2020-ல் அவர்களின் இளம் குவாட்டர்பேக் ஜோ பரோவுக்கு முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. 2021 டிராஃப்டில் பெனே சூவல் என்ற டேக்கிளை எடுத்திருக்கலாம். அவர்கள் எடுத்தது பந்து பிடிப்பவரான ஜமார் சேஸை. எல்லோரும் திட்டினார்கள். அந்த வருடமே சூப்பர் பவுல் வரை போனார்கள். "பாத்தீங்களா, லைன் இல்லாமலே போயிட்டாங்க!"

15/
போனாங்க. எப்படிப் போனாங்க, எப்படி முடிஞ்சுதுன்னும் பாருங்க.

சீசனில் 51 சேக். பிளேஆஃபில் மேலும் 19. இறுதிப் போட்டியில் மட்டும் ஏழு. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் மூன்று புள்ளி பின்னால் இருக்கும்போது, கடைசி நிமிடத்தில் தேவைப்பட்டது ஒரே ஒரு யார்டு. மூன்றாம் வாய்ப்பில் ஓட்டக்காரரை ஆரோன் டொனால்ட் பிடித்து நிறுத்தினார். நான்காம் வாய்ப்பில் அதே டொனால்ட் பரோவைப் பிடித்துச் சுழற்ற, பந்து வெறும் தரையில் விழுந்தது. 23-20.

நல்ல பந்து பிடிப்பாளர் வாசல் வரை கூட்டிட்டுப் போவார். கதவு லைனில் இருக்கு.

16/
இன்னொரு கேள்வியும் நியாயமானதே. "ஜோ தாமஸ்?"

கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் இடது டேக்கிள். 11 சீசன். தொடர்ச்சியாக 10,363 ஆட்டத் துளிகள், ஒன்றுகூட விடாமல். ஹால் ஆஃப் ஃபேம் வரை போனவர். ஆனால் ஒருமுறைகூட பிளேஆஃப் ஆடவில்லை.

இது என் வாதத்துக்கு எதிரானதில்லை. லைன் என்பது ஐந்து பேர் சேர்ந்த ஒரே உறுப்பு. சங்கிலியின் பலம் அதன் நைந்த கண்ணியில்தான். ஒருத்தர் மலையா நின்னு பக்கத்துல இருக்கிறவர் மண்குதிரையா இருந்தா, எதிரி மண்குதிரை பக்கமா வருவான். நல்ல லைன் இருந்தும் மற்றதெல்லாம் மோசமானால் தோல்விதான். அதையும் ஒத்துக்கறேன். ஆனா லைன் இல்லாம மற்றதெல்லாம் நல்லா இருந்தும் கதை எப்படி முடியும்னு மேலே பார்த்தோம்.

17/
இப்போ டாக்டரா பேசறேன். எனக்கு உண்மையான கோபம் இருக்கிற இடம் இது.

140 கிலோ, ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. பி.எம்.ஐ. 36-ஐத் தாண்டும். தசை அதிகம் என்பது உண்மை. ஆனாலும் அந்த எடையைத் தூக்கிச் சுமப்பது ஒரே இதயம்தான். தடித்த கழுத்து, தூக்கத்தில் மூச்சுத் தடை, ரத்த அழுத்தம். வேலைக்காக ஏற்றிய எடை இது. ஜோ தாமஸ் ஓய்வு பெற்றதும் 20 கிலோவுக்கு மேல் இறக்கினார். எல்லாருக்கும் அது முடியறதில்லை.

18/
அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 1994-லேயே சொன்னது: முன்னாள் வீரர்களை மொத்தமாக எடுத்தால் இறப்பு விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு. லைன்மேன்களை மட்டும் தனியாகப் பிரித்தால், இதய நோயால் இறக்கும் ஆபத்து பொதுமக்களைவிட அதிகம்.

சராசரி எண்ணுக்குள்ள இவங்க மறைஞ்சு போறாங்க. மைதானத்திலும் அப்படியே, மருத்துவக் கணக்கிலும் அப்படியே.

19/
தலைக் காயம் என்றால் மைதான நடுவில் ஒருவர் மயங்கி விழும் காட்சிதான் நமக்குத் தெரியும். லைன்மேனுக்கு அப்படி ஒரு காட்சி அமைவது அரிது. ஒவ்வொரு ஆட்டத் துளியிலும் தலையோடு தலை சின்னச் சின்ன முட்டல். மயக்கம் வராது, ஆட்டம் நிற்காது, கேமரா திரும்பாது. வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர், நான்கு சூப்பர் பவுல் வென்றவர். 2002-ல் 50 வயதில், மனமும் வாழ்க்கையும் சிதைந்த நிலையில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, 2005-ல் வெளியிட்ட கட்டுரையில்தான் ஒரு ஃபுட்பால் வீரரின் மூளையில் சி.டி.இ. என்ற சிதைவு நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

உலகத்துக்கு அந்த நோயைக் காட்டிக் கொடுத்த முதல் மூளை ஒரு லைன்மேனுடையது. தற்செயல்னு எனக்குத் தோணல.

20/
கைமாறு என்ன? லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை இதுவரை ஒரு அஃபென்ஸிவ் லைன்மேன்கூட வாங்கியதில்லை. சூப்பர் பவுல் சிறந்த வீரர் விருதும் அப்படியே. 'ஹாக்ஸ்' ஜெயித்துக் கொடுத்த மூன்று கோப்பையிலும் அந்த விருது ஓடியவருக்கும் எறிந்தவர்களுக்கும் போனது.

வேலை அஞ்சு பேர் செய்யறாங்க, மாலை ஆறாவது ஆளுக்கு. இதைத்தான் தப்புன்னு சொல்றேன்.

21/
இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. ரசிகன் எதைப் பார்க்கிறானோ அதற்குத்தான் நிர்வாகம் பணம் போடும். லைனை யாரும் பார்க்காத வரைக்கும், ஓட்டை லைனுக்குப் பின்னால் இன்னொரு 22 வயசுப் பையனை நிறுத்துவாங்க. அவன் முழங்கால் கிழியும். பழி அவன் தலையில் விழும். ஓய்வு பெற்ற லைன்மேன்களின் இதயத்தையும் மூளையையும் யார் தொடர்ந்து கவனிக்கிறார்கள் என்று கேட்கவும் ஆள் இருக்காது.

22/
அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மேட்ச்சில் பந்து நகரும்போது முதல் மூணு வினாடி பந்தைப் பார்க்காதீங்க. அந்த அஞ்சு பேரைப் பாருங்க. யார் பின்னால தள்ளப்படறாங்க, யார் நிக்கறாங்கன்னு மட்டும் கவனிங்க. கால் மணி நேரத்துல மேட்ச் யார் பக்கம்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

அதுக்கப்புறம் தீர்ப்பு எழுதுங்க. எழுதும்போது அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் பேரையாவது சேர்த்து எழுதுங்க.