மனுதாரர் இல்லாத நஞ்சு

மாதனூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கும் தோல் பதனிடும் பிரதேசத்தில் நஞ்சு என்று பேச்செடுத்தால், தொழிற்சாலைக் கழிவுநீரும் அதில் கலந்த உப்பும் குரோமியமும் உவர்ப்பேறிய கிணறுகளுமே ஜனங்களின் நினைவுக்கு வருகின்றன. அதற்குத் தக்க காரணமும் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு விளைவித்தவனே நஷ்டஈடு செலுத்த வேண்டும் என்பதையும், முழு நிரூபணம் கிட்டும்வரை காத்திராமல் கேட்டை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதையும் இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமாக்கியது. தோல் தொழில் மிகுந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற மதிப்பீடும் அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இவ்விஷயத்தை மீண்டும் கையிலெடுத்துக் கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஆக, குரோமியத்துக்கு எதிராக மனுதாரரும் உண்டு, நியாயஸ்தலமும் உண்டு.

இதே வேலூர்ச் சீமையில் குழந்தைகளின் உதிரத்தில் காரீயம் கலந்திருக்கிறது என்பதற்குப் பிரத்தியட்ச ஆதாரம் கிடைத்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும், அதற்காக வாதாட ஒருவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் அந்நகரின் எளிய குடும்பங்களில் பிறந்த 251 சிசுக்களைப் பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை தொடர்ந்து கவனித்து, 2014-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பதினைந்தாவது மாதத்தில் சோதிக்கப்பட்ட குழந்தைகளில் 45 சதவீதத்தினருக்கும், இருபத்துநான்காவது மாதத்தில் 46 சதவீதத்தினருக்கும், இரத்தத்தில் டெசிலிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. உலக சுகாதார நிறுவனமோ ஐந்து மைக்ரோகிராமைத் தொட்டாலே காரீயம் வந்த வழியைத் தேடித் தடுக்க வேண்டும் என்று 2021-ல் அறிவுறுத்தியிருக்கிறது. அதற்குக் குறைந்த அளவையும் அது அபாயமற்றது என்று ஒப்புக்கொள்ளவில்லை. சென்னையில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான 756 குழந்தைகளைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஆய்வில் சராசரியே 11.4 மைக்ரோகிராம் என்று கண்டது. அளவு கூடிய பிள்ளைகளிடம் கவனச் சிதறலும் மனக்கலக்கமும் கூடியே காணப்பட்டன.

காரீயம் உடம்பினுள் செய்யும் காரியம் விசித்திரமானது. வளர்ந்தவர் விழுங்கும் காரீயத்தில் ஒரு சிறு பங்கே உடலில் சேர, சிசுவின் குடலோ அதைப் போல் நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது. அக்குழந்தை இரும்புச்சத்துக் குறைந்து சோகை பிடித்திருந்தால் இன்னும் அதிகமாகவே உறிஞ்சும், ஏனெனில் இரும்பும் காரீயமும் ஒரே வாயில் வழியாக உட்புகுகின்றன. புகுந்தது சில வாரங்களில் இரத்தத்தை விட்டு நீங்கினாலும் எலும்பிலும் பல்லிலும் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற வைத்தியர், நம் பிள்ளைகள் கூரைமேல் வீசி எறிகிறார்களே, அப்படிப்பட்ட விழுந்த பாற்பற்களைப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து சேகரித்து, அவற்றிலுள்ள காரீயத்தை அளந்து, அது மிகுந்த பிள்ளைகள் புத்திக்கூர்மையிலும் வகுப்பறைக் கவனத்திலும் பின்தங்கியிருந்ததை 1979-ல் எடுத்துக்காட்டினார். காய்ச்சலில்லை, கொப்புளமில்லை, வலியுமில்லை. நாலாம் வகுப்பில் கணக்கு வராத பையன் மந்தபுத்தி என்று வாத்தியாரிடம் வசவு வாங்குகிறான், அவ்வளவே வெளியில் தெரிகிற அடையாளம். அளவு மிகக் கடுமையாக ஏறியவர்களுக்குக் காரீயத்தைப் பிரித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டாயினும், இழந்த புத்திசக்தியை மீட்டுத் தரும் சிகிச்சை இல்லை.

இந்த நஞ்சு எவ்வழியே வருகிறது? முதலில் நம் அடுப்பங்கரையையே பார்ப்போம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நியாயமாக வெள்ளீயத்தால் ஆனது. புளித்தண்ணீர் ஊற்றாமல் அடுப்பிலேற்றினால் உருகி வழிந்துவிடும் என்பதை அறியாத பழைய இல்லத்தரசி இல்லை. ஆனால் வெள்ளீயம் விலை மிகுந்தது, காரீயம் மலிவு. இரண்டையும் கலந்து வார்த்த சொம்பைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது வாங்குபவரால் ஆகக்கூடியதன்று. அப்படிக் கலந்த சொம்பில் புளியும் தக்காளியும் கொதித்து இறங்கும்போது காரீயமும் கரைந்து இறங்குகிறது. அந்த ரசத்தைத்தான் சோற்றோடு குழையப் பிசைந்து ஒரு வயதுப் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்திலும் இதே கலப்படத்துக்கு இடமுண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு இஸ்லாமியக் குடும்பங்களில் பச்சிளங்குழந்தையின் கண்ணுக்குத் தீட்டும் சுர்மாவும் அத்தகையதே: சிறு குப்பி, மூடியோடு சேர்ந்த குச்சி, உள்ளே மினுக்கும் கருந்தூள், அத்தூள் பல தினுசுகளில் காரீயக் கந்தகக் கல்லை அரைத்ததாகவே இருக்கிறது. இந்து வீடுகளில் புழங்கும் மலிவுச் செந்தூரத்திலும் சிவப்புக் காரீயம் கலப்பதுண்டு. பக்திக்கும் வழக்கத்துக்கும் காரீயம் அவசியமில்லை. காரீயமற்ற சரக்கு கிடைக்கும்படி செய்வது சர்க்காரின் கடமை.

வீட்டுக்கு வெளியே வந்தால், உலகில் உபயோகமாகும் காரீயத்தில் முக்கால் பங்குக்கு மேல் வாகன மின்கலங்களிலேயே அடங்கியிருக்கிறது. பழைய பேட்டரி காயலாங்கடைக்குப் போகிறது. அங்கிருந்து உரிமம் பெற்ற ஆலைக்குப் போகவேண்டியது, நாட்டின் பல இடங்களில் யாரோ ஒருவருடைய கொல்லைக்குப் போய், அமிலம் தரையில் கொட்டப்பட்டு, தகடுகள் திறந்த உலையில் உருக்கப்பட்டு, புகை அக்கம்பக்கத்துக் குடிசைகளின்மேல் படிகிறது. இதைத் தடுக்க 2001-லும் 2022-லும் விதிகள் இயற்றப்பட்டன. வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது; தொழிற்சாலைப் பெயிண்ட் அதற்குள் அடங்கவில்லை. காரீயம் சேர்த்த பெட்ரோல் 2000-ல் ஒழிந்ததாயினும், மாதனூரை ஊடறுத்துச் செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை போன்ற சாலைகளின் ஓரத்து மண் அதை எளிதில் மறப்பதில்லை. வேலூர் ஆய்வில் மண் தரை வீட்டுப் பிள்ளைகளுக்கும், குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அபாயம் மிகுந்திருந்ததைக் காணும்போது, பி.வி.சி. குழாய்களில் காரீயம் சேர்ப்பதை ஒழிக்க 2021-ல் வகுத்த விதிகள் இங்கே எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.

விடியுமுன் காலணிக் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிற தாயிடம், தரையை ஈரத்துணியால் துடை, பிள்ளையின் கையைக் கழுவு, கேழ்வரகும் முருங்கைக்கீரையும் கொடு என்று உபதேசிப்பது சுலபம். உபதேசம் அத்தனையும் சரியானதே. ஆனால் கடையில் வாங்கிய சொம்பில் என்ன உலோகம் என்று அவள் எப்படி அறிவாள்? அரசு முனைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வங்கதேசம் உதாரணம். மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறமேற்ற அங்கே காரீயக் குரோமேட் கலந்து வந்தார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருக்கக் கண்டு, அரசாங்கம் சோதனையிட்டு, அபராதம் விதித்து, ஊரறிய எச்சரித்ததன் விளைவாக 2021-ல் ஒரு மாதிரியிலும் அது இல்லாமற் போயிற்று. இரண்டே ஆண்டுகள்! ஈரோட்டு மஞ்சளின் பெருமை பேசும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

2020-ல் யூனிசெப் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் ஐந்து மைக்ரோகிராமுக்குக் குறையாத காரீயத்தைச் சுமக்கும் குழந்தைகள் ஏறத்தாழ 80 கோடி, அவர்களில் 27.5 கோடி பேர் இந்தியர். இவ்வளவு பெரிய தொகையைக் கேட்டு மலைத்து நிற்பதைக் காட்டிலும், ஓர் ஒன்றியத்தில் அளந்து பார்ப்பது மேல். சிறார் உடல்நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க ஏற்பாடு இருக்கிறது. விரலை நன்றாகக் கழுவித் துடைத்தபின் (தோலில் ஒட்டிய தூசியே அளவைப் பொய்யாக்கிவிடும்) காரீயத்தை அளக்க இரண்டு துளி இரத்தம் எடுப்பது பெரும் பிரயாசையன்று. அளவு மிகுந்த பிள்ளையின் வீட்டுக்குச் சென்று சொம்பையும் சுர்மாவையும் மஞ்சள்தூளையும் தண்ணீரையும் தரைமண்ணையும் சோதிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உணவுப் பாதுகாப்புத் துறையும் இருக்கின்றன. திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியரும் பொதுச் சுகாதாரத் துறையும் இவ்வேலையை மாதனூர் ஒன்றியத்து அங்கன்வாடிகளில் தொடங்கட்டும். கண்ட முடிவுகளை, இன்ன ஊரில் இன்ன அளவு என்று, பிள்ளைகளின் பெயரை மறைத்து, அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டட்டும்.